முணுமுணுக்கும் கரடி

ஆன்லைன் கேமில் பதினோரு நாளாக என்னை மண்ணைக் கவ்வ வைக்கும் ‘கரடி’ என்ற பெயர்க்காரர் யாரென்று நேற்று மாலை தெரிந்துவிட்டது. “முதல்ல பாலத்துக்கு அடியில ஒளியணும். அப்புறம் இடப்பக்கம் திரும்பணும்” என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்; என் திரையில் கரடி அப்படியே செய்தது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எங்கள் கணக்கு டீச்சர்! கரும்பலகையிலும் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லித்தான் போடுவார்.

சுவரில் காதை வைத்தால் வெற்றி நிச்சயம். அப்படியொரு வெற்றி யாருக்கு வேண்டும்? அந்தக் குரல் கேட்காத சமையலறைக்குப் போய் ஆடினேன். தோற்றேன்.

இன்று வகுப்பில், “கண்ணு ஏன் சிவந்திருக்கு? கேமா?” என்று டீச்சர் அதட்டினார்.

“ஆமா டீச்சர். பாலத்துக்கு அடியில ஒரு கரடிகிட்ட தோத்துட்டேன். இன்னைக்கு விடமாட்டேன்.”

சாக்பீஸ் ஒடிந்து விழுந்தது. குனிந்து எடுத்தபடி முணுமுணுத்தார்: “ஆறு மணிக்கு வா. பாத்துடலாம்.”