‘சுட’ என்று ஒரு பாட்டில்

தட்டில் இருந்த செல்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. மருந்து ஏற்றிய பொடி போட்டவை மட்டும் செத்திருந்தால், ஆய்வகமே பொடியக்கா என்று கூப்பிடும் அவள், பழியை மருந்தின் மேல் போட்டிருப்பாள். வெறும் பொடி போட்டவையும் அல்லவா செத்திருந்தன!

பொடி என்றால் சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த வெள்ளைப் பொடி. துளைகளுக்குள் மருந்தை ஒளித்து, இரைப்பையைத் தாண்டிக் குடலில் இறக்கிவிடுவதுதான் அவள் வேலை. இரைப்பையைப் புண்ணாக்கும் அந்த மருந்தைத்தான் அவள் தங்கை தினமும் விழுங்கிவிட்டு வாந்தி எடுக்கிறாள். “உன் பொடி எப்பக்கா வரும்?” என்று காலையில்கூடக் கேட்டாள்.

“பொடியே விஷம்னா மூட்டை கட்டிட வேண்டியதுதான். மேலிடத்துக்கு இன்னைக்கே சொல்லிடறேன்,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார் ஆய்வகத் தலைவர். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

செல் வளர்ப்பவளுக்கு அங்கே செல்லம்மா என்று பெயர். அவள் பொடி பாட்டிலைத் தூக்கி வந்தாள்.

“ஏண்டி, இதுலேர்ந்துதானே எடுத்துக் குடுத்தே? என்ன எழுதியிருக்கு, படி.”

“சுட்டது.”

“‘சுட’ன்னுதான் இருக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சதுல மிச்ச எழுத்து அழிஞ்சிருக்கு. சுட்டதுன்னா யார்கிட்ட சுட்டேன்னு கேட்டிருப்பேன். சுடணும்னு எழுதியிருந்தா?”

பொடியக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். துளை விழுவதற்காகச் சோப்பு மாதிரி ஒரு சரக்கைச் சேர்த்துத்தான் பொடியைச் செய்வார்கள். பிறகு உலையில் சுட்டு அதை எரித்துவிட வேண்டும். சுடாத பொடியில் அந்தச் சரக்கு அப்படியே இருக்கும், செல்களைச் சும்மா விடாது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

கிண்ணியில் ஒரு சிட்டிகை போட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். சுட்ட பொடி வெள்ளையாகவே இருக்கும், சுடாதது கருகும். தான் செய்தது முட்டாள்தனமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்தில் உண்டா? இவள் வேண்டிக்கொண்டாள். பொடி வெள்ளையாகவே இருந்தது. இன்னும் வெள்ளை. பாழாய்ப்போன வெள்ளை.

“கண்ணை மூடாதே, பாரு,” என்றாள் செல்லம்மா.

ஓரத்தில் பழுப்பு ஏறியது. பிறகு மொத்தமும் கரேலென்று கருகி நாறியது.

கிண்ணியை இடுக்கியில் தூக்கிக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினாள். அவர் தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தார்.

“வச்சிடுங்க சார். பொடி மேல தப்பில்ல, தப்பு என் மேலதான். சுடாததைக் குடுத்துட்டேன்.”

அவர் கரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இதுக்கா சிரிக்கிறே?”

“ஆமா சார்,” என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “திட்டுறதைச் சீக்கிரம் திட்டிடுங்க. போய் உலையைப் போடணும்.”