ரோண்டா வெட்டிய மரத்தின் நிழல்

வாலங்கரா ஊரின் முந்நூறு வயது யூகலிப்டஸ் மரத்தை ஒரு செவ்வாய்க்கிழமை வெட்டினார்கள். நிழல் மட்டும் அங்கேயே இருந்தது. அஞ்சலகத்தின் முன்னே, மரமில்லாத இடத்தில், இலை அசைவுகூடக் குறையாமல் விழுந்துகொண்டிருந்தது. நாற்பத்துநாலு டிகிரி வெயிலில் லாரிக்காரர்கள் வழக்கம்போல அதில் வண்டியை நிறுத்தி, நாயை இறக்கிவிட்டுக் கடைக்குப் போனார்கள்.

வெட்டியவள் நகரசபை ஊழியர் ரோண்டா. அடிமரத்தில், பழங்குடிகள் தோணிக்குப் பட்டை உரித்த தழும்பு ஆள்நீளத்துக்கு இருந்தது. அங்கே ரம்பத்தை வைக்குமுன் அவள் அதை ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஆனால் உள்ளே முழுக்கக் கரையான். அடுத்த பெருங்காற்றுக்கு அஞ்சலகத்தின் மேல் சாய்ந்திருக்கும். இதை எல்லோரிடமும் சொன்னாள், யாரும் கேட்கவில்லை. மதுக்கடையில் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் பீர் வாங்கிக்கொடுப்பது அங்கே வழக்கம். ரோண்டாவின் முறை வந்தால் வேறொருவர் முந்திக்கொண்டார். அந்த ஊரில் ஒருவரை ஒதுக்கிவைக்க அதைவிடக் கடுமையான வழி இல்லை.

"நீ வாங்க வேணாம்மா. அடுத்த மரத்துக்கு ரம்பம் வாங்கணும்ல," என்றார் மதுக்கடைக்கார டாரில்.

இரண்டாம் கோடையில் நிழல் நகரத் தொடங்கியது, வாரத்துக்கு ஒரு வீடு வீதம். அதைத் திருப்பிக் கொண்டுவர நகரசபை ஒரு குழு அமைத்தது. குழு அந்த நிழலிலேயே கூடி, நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுப் போட்டுப் பேசியது. அதற்குள் ரோண்டா வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டாள். மார்ச் மாதம் நிழல் அவள் வீட்டு முன்புறப் புல்தரையில் வந்து நின்றது. பிறகு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாரில் மடக்கு நாற்காலியோடு வந்தார். பின்னால் பாதி ஊர்.

"என்ன, ஒன்கிட்டயே வந்துருச்சா?"

"நான் ஒண்ணும் கூப்பிடல."

டாரில் கொஞ்ச நேரம் மேலே, வெறும் வானத்தைப் பார்த்தார். "கரையான்னியே. ரொம்பவா?"

"கைய விட்டா தோள் வரைக்கும் உள்ள போச்சு."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். அறுபது தடவ சொன்னேன்."

"அப்ப எங்க காதுலதான் கரையான்," என்றார் டாரில். "சரி, கொஞ்சம் தள்ளு. எனக்குக் கால்ல வெயில் அடிக்குது."

ரோண்டா வீட்டை விற்கவில்லை. கோடையில் இடம்பிடிக்க ஊரார் காலை ஒன்பதுக்கே வந்துவிடுகிறார்கள். பிந்தி வருகிறவர்களுக்காக அவள் தள்ளித் தள்ளி, பெரும்பாலும் பாதி வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.