செம்பாறைப் பயணமும் ஒரு ஆட்டுக்கால் சூப்பும்

வியாழக்கிழமை காலை. லண்டன், நோர்பரி வீட்டு வரவேற்பறையில், நூற்றுப்பத்துக் கிலோவுக்குக் குறையாத பாலேந்திரா அண்ணை, போர்வை மூடிக் கிடந்த ஒரு சாமானின் மேல் 'அப்பாடா' என்று உட்கார்ந்தார்.

சாமான் 'மளுக்' என்றது.

சோபாவில் நோயாளியாகப் படுத்திருந்த நித்தியானந்தன் துள்ளி விழுந்தார். அக்கா சிவனேஸ்வரி அவர் வாய்க்கு நீட்டிய கரண்டியிலிருந்த ஆட்டுக்கால் சூப், சுடச்சுடக் கழுத்தில் தெறித்தது.

"ஆடாமல் கிட தம்பி! குத்து திரும்பக் குத்துதோ?"

"ஓமக்கா," என்று முனகினார்.

போர்வைக்குள் இருந்தது பயணப்பெட்டி. பெட்டிக்கு மேல் இருந்தது, இல்லை, ஒரு நிமிடம் முன்பு வரை இருந்தது, அவருடைய புத்தம்புதிய வைக்கோல் தொப்பி. மத்தியானம் அந்தப் பெட்டியும் அவரும் அவர் மனைவி நகுலேஸ்வரியும் ஹீத்ரோவில் நிற்க வேண்டும். வீட்டுக்குள்ளோ ஒரு டசின் சொந்தக்காரர். புருவம் திருத்தவும் நடக்கிற சப்பாத்து வாங்கவும் போன நகுலேஸ்வரி எந்த நேரமும் கதவைத் திறக்கலாம். அவளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் நித்தியானந்தனின் வாய்.

முப்பத்தைந்து வருடக் கலியாண வாழ்க்கையில் நகுலேஸ்வரி தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜெர்மனியில் தாலி கட்டி, பிறகு லண்டனுக்கு மாறி, இதற்குள் அவர்கள் போகாத ஊரில்லை. பாரிசுக்குப் போனார்கள், சித்தப்பா வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்கள். டொரோண்டோவுக்குப் போனார்கள், சொந்தக்காரர் நயாகராவைக் காரில் இருந்தபடியே காட்டினார்கள், இறங்கினால் பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டு மண்டபத்துக்குப் பிந்திவிடுமாம். சூரிச்சில் அவள் கண்ட ஒரே மலை, குசினியில் உரிக்கச் சொல்லிக் குவித்திருந்த வெங்காயம்.

"எனக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊர் வேணும்," என்றாள் இந்த முறை. "அஞ்சு நாள். நீங்களும் நானும். கதவைப் பூட்டினால் ஆரும் தட்டக்கூடாது."

மகள் சுவர்ணா தேடிக் கண்டுபிடித்தது அரிசோனாவின் செம்பாறைப் பாலைவனம். நகுலேஸ்வரி திரையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு. வீடில்லை, மரமில்லை, மச்சானில்லை.

"புக் பண்ணு," என்றாள். பிறகு புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ. ஆருக்கும் வாய் திறக்கக்கூடாது. திறந்தியளோ, நான் வரமாட்டன். நீங்கள் தனியப் போய்ப் பாறையோட கதையுங்கோ."

சத்தியம் செய்தார். காப்பாற்றவும் செய்தார், போன ஞாயிறு வரைக்கும். வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டுக்குத் தனியே போயிருந்தபோது யாரோ ஒருவர் தன் துபாய்ப் பயணத்தைப் பற்றி அரை மணி நேரம் அளந்து தள்ள, அவருக்குப் பொறுக்கவில்லை.

"துபாய் என்ன துபாய். நாங்கள் அரிசோனா போறம்!"

அக்காவின் முகம் மலர்ந்தது. "அரிசோனாவோ? அங்கதானே தம்பி, நகுலேசின்ர பெரியம்மான்ர மகன் கிருஷ்ணராசா இருக்கிறான்!"

நித்தியானந்தன் விக்டோரியாவில் ரயில் மாறுவதற்குள் அமெரிக்காவிலிருந்து போன் வந்துவிட்டது.

"அத்தான்! ஹோட்டலைக் கான்சல் பண்ணுங்கோ. எயார்போட்டுக்கு நான் வாறன். எங்கட வீட்டில நாலு அறை கிடக்கு. சனிக்கிழமை உங்களுக்குப் பார்ட்டி, அறுபது பேருக்குச் சொல்லிப்போட்டன். நகுலேஸ் அக்காவுக்கு மூச்சு விடாதேங்கோ, சப்ரைஸ்!"

இரண்டு நாள் நித்தியானந்தன் சாப்பிடவில்லை. புதன்கிழமை பின்னேரம் ஒரு முடிவுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு போன் எடுத்தார். ஒன்று கிருஷ்ணராசாவுக்கு, மற்றது அக்காவுக்கு. இரண்டிலும் ஒரே பொய். "வயித்துக்குள்ள குத்து. டொக்டர் பிளேன் ஏற வேண்டாமெண்டிட்டார். பயணம் இல்லை."

திட்டம் பிழையில்லாததுதான். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். எங்கள் சனத்துக்குக் கலியாண வீட்டுக்கு வர நேரமில்லாமல் போகலாம். வருத்தம் பார்க்க, அதாவது நோயாளியைப் பார்க்க, வர ஒருநாளும் நேரமில்லாமல் போகாது.

விடிந்ததும் கதவு மணி அடிக்கத் தொடங்கியது. ஆப்பிளோடு ஒருவர், மால்ட் மாவோடு இன்னொருவர், தன் வயிற்றில் எடுத்த கல்லைப் பற்றிய முழு விபரத்தோடு பாலேந்திரா அண்ணை. வந்தவர் எவரும் போகவில்லை. அக்கா சுடுதண்ணிப் போத்தல் நிறையச் சூப்போடு வந்து தலைமாட்டைக் கைப்பற்றிவிட்டாள்.

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

நித்தியானந்தனின் வயிற்றில் முதன்முறையாக உண்மையான குத்து ஒன்று எழுந்தது.

புதுச் சப்பாத்துப் பையோடு நகுலேஸ்வரி உள்ளே வந்தாள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தாள். சூப்பைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். கடைசியாக, பெட்டிக்கு மேல் பெட்டியாக இருந்த பாலேந்திரா அண்ணையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்குவதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"என்னடி நகுலேஸ்," அக்கா ஏறினாள். "இவன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்க, நீ புருவம் வழிக்கப் போனனியோ?"

அவள் ஒரு வசனம் சொன்னால் போதும். பயணம் முடிந்தது, மானமும் போனது. நித்தியானந்தன் கண்ணை மூடிக்கொண்டார்.

குளிர்ந்த கை ஒன்று அவர் கழுத்தில் பட்டது. சூப் தெறித்த இடங்கள் சிவந்து பொரிந்து கிடந்தன. நகுலேஸ்வரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, கைகூப்பி மேலே பார்த்தாள்.

"மச்சாள், நான் ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு இருந்தனான். காலமை ரெண்டு பொட்டுத்தான் கிடந்தது. இப்ப பாருங்கோ. இது வயித்துக் குத்தில்லை." குரலைத் தாழ்த்தினாள். "அம்மாள் வந்திருக்கிறா."

அம்மாள்! அம்மைக் கொப்புளம்! வருத்தம் பார்க்கச் சனம் போகாத ஒரே வருத்தம்.

பாலேந்திரா அண்ணை அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக எழும்புவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். "காரை நிப்பாட்டக்கூடாத மஞ்சள் கோட்டில விட்டிட்டு வந்திட்டன்," என்றார், பஸ்ஸில் வந்திருந்த அவர். "எனக்குச் சின்னனில வரேல்லை," என்று ஒருத்தி சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். மால்ட் மாக் கொண்டுவந்தவர் இடக்கால் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆப்பிள் தின்றுகொண்டிருந்தவர் அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

வீடு காலியானது. அக்காவைத் தவிர.

"எனக்கு ஏழு வயசிலேயே வந்து போட்டுது," என்றாள் அவள், சேலையை இடுப்பில் சொருகியபடி. "எனக்குத் தொத்தாது. அம்மாள் இறங்கித் தண்ணி வாக்குமட்டும் நான் நிண்டு பாக்கிறன். என்ர தம்பி."

நித்தியானந்தன் மனைவியைப் பார்த்தார். ஹீத்ரோவுக்கு மினிகாப் டாக்சி வரும் நேரம். தமிழ் ட்ரைவர் வேண்டாமென்று மூன்று கம்பனிக்குப் போன் அடித்துப் பிடித்த மினிகாப்.

நகுலேஸ்வரி மூக்கை உறிஞ்சினாள். மெல்லக் குனிந்து அந்தப் போத்தலை மணந்தாள்.

"மச்சாள்... இது என்ன சூப்?"

"ஆட்டுக்கா..." அக்காவின் வாய் பாதியில் நின்றது.

"அம்மாள் இருக்கிற வீட்டுக்குள்ள," என்றாள் நகுலேஸ்வரி, ஒவ்வொரு சொல்லாக, "மச்ச மாமிசம் கொண்டு வந்தனீங்களோ? அதையும் அவருக்கே பருக்கினனீங்களோ?"

"ஐயோ என்ர அம்மாளாச்சி! எனக்குத் தெரியாதணை!" அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போத்தலைச் சேலைக்குள் ஒளித்தாள். "நான் இப்பவே போய்த் தலைமுழுகிறன். வாசலில வேப்பிலை கட்டு. ரெண்டு கிழமைக்கு ஆரையும் விடாதை. நானே எல்லாருக்கும் போன் அடிச்சுச் சொல்லுறன். கிருஷ்ணராசாவுக்கும் சொல்லுறன்!"

கதவு சாத்திக்கொண்டது.

நித்தியானந்தன் எழுந்து உட்கார்ந்தார். "நகுலேஸ், நான் வந்து... அக்கா வீட்டில ஒருத்தன் துபாய் எண்டு..."

"வாயைத் திறக்காதேங்கோ. ஒருக்காத் திறந்தது காணும்."

"நீர் வாறீரோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும்."

அவள் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "உன்ர பேரில பொய் சொல்லிப்போட்டன் தாயே. அஞ்சு நாள் பொறுத்துக்கொள். வந்து பொங்கிப் படைக்கிறன்." பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். வேப்பிலைக்கு எங்கே போவது? ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருந்தது. தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் பச்சைதான். அதை வாசலில் கட்டிவிட்டு உள்ளே திரும்பினாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பெட்டியைத் தூக்குங்கோ."

பெட்டி பிழைத்திருந்தது. தொப்பி தோசையாகியிருந்தது.

அரிசோனாவின் செம்பாறை, படத்தில் கண்டதைவிடப் பெரிதாக இருந்தது. மாலை வெயிலில் மலை முழுவதும் கனன்றது. சுற்றிவர ஒரு மனிதக்குரல் இல்லை. நகுலேஸ்வரி புதுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுடுகிற கல்லில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எங்கட கோயில் மதில் மாதிரிக் கிடக்கு," என்றார் நித்தியானந்தன். "வெள்ளைக் கோடு மட்டும் அடிக்கேல்லை."

"இவ்வளவு தூரம் வந்தும் உங்களுக்குக் கோயில் மதில்தான்." ஆனால் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை வருடம் என்று அவர் யோசித்தார், கணக்குப் பிடிபடவில்லை. ஐந்து நாளும் கதவை ஒருவரும் தட்டவில்லை. கடைசி நாள், நம்பமுடியாதவளைப் போல அவளே ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியோடு பூட்டினாள்.

லண்டன் திரும்பிய கிழமை, இரண்டு கிழமை முடியுமட்டும் பொறுக்காமல், அக்கா வந்தாள். மரக்கறிச் சூப்போடு. தொப்பியில்லாத பாலைவன வெயில் தன் வேலையைக் காட்டியிருந்தது. நித்தியானந்தனின் மூக்கும் நெற்றியும் திட்டுத் திட்டாகச் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ தம்பி! அம்மாள் முகம் முழுக்க விளையாடிப்போட்டாவே!" அக்கா கண்ணைத் துடைத்தபடி திரும்பினாள். நகுலேஸ்வரியின் கன்னமும் சிவந்து கிடந்தது. "உனக்கும் தொத்திட்டுதோ?"

"ஓம் மச்சாள். ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான்."

"சரி சரி. ஒருக்கா வந்தால் பிறகு வராது. பயப்பிடாதை."

நகுலேஸ்வரி புருசனைப் பார்த்தாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பிடித்தான் சொல்லுவினம் மச்சாள்," என்றாள் அவள், சூப்பை வாங்கிக்கொண்டு. "எனக்கெண்டால் அடுத்த வருசமும் வரும் போலத்தான் கிடக்கு."