ஓடையில் நின்ற எண்ணெய் வண்டிகள்

சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் யாரோ அடுப்பை எட்டி உதைத்தார்கள். வடைச்சட்டி கவிழ்ந்து, கொதித்த எண்ணெய் மண்ணில் புகைந்தது. செவந்தி கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"மருந்து வச்சுட்டா இவ! எங்க வீட்டுல ரெண்டு பேருக்குக் காலு தூணு மாதிரி வீங்கிக் கெடக்கு. எல்லாம் இவ வடையத் தின்ன பெறகுதான்!" என்று ஒருவன் கத்தினான்.

"நானும் அதைத்தான்யா திங்கிறேன். எம் புருஷனும் அதைத்தான் தின்னாரு. அவரு காலையும் போயிப் பாருங்க!"

யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அவள் போட்டிருந்த பந்தலைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

ஊரணிப்பட்டி, குன்றாண்டார்கோவிலுக்கும் வடக்கே, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கடைசி ஊர். ஊரைத் தாண்டினால் ஒரு வறண்ட ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் மகாராஜா சீமை, அந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் திருச்சி ஜில்லா. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எந்தச் சாமானும் சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. அப்படியான காலத்தில் ஊருக்குக் குறைவில்லாமல் கடலையெண்ணெய் கொடுத்தவர் சோலையப்பன். நாலு செக்கு, சந்தை முகப்பில் பெரிய கடை, அதற்கு மேல் சமஸ்தானச் சட்டசபையில் ஓர் இடம். அவரை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வடை சுட்டவள் தலையில் விழுந்தது.

அந்த வாரமே சுகாதார இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். கீரனூரில் வேலை பார்க்கும் இளவயதுக்காரர். நடக்கும்போதே பேசுவார், பேசும்போதே ஓடுவார். கால் வீங்கிய வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் செவந்தி வீட்டுக்கு வந்தார். உள்ளே அவள் புருஷன் மலையாண்டி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"வடை சுட்ட எண்ணெய் மிச்சம் இருக்காம்மா?"

செவந்தி தூக்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பையிலிருந்த சீசாவைத் திறந்து அதன்மேல் திராவகத்தைச் சொட்டினார். குலுக்கினார். அடியில் மஞ்சள் ஓடியது. பிறகு செம்மஞ்சள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"குடியோட்டி!" என்று துள்ளினார். "தரிசுல முள்ளு முள்ளா, மஞ்சப் பூவோட நிக்குமே, அந்தப் பூண்டு. அது வெதை கடுகு மாதிரியே இருக்கும். அதை ஆட்டிக் கடலையெண்ணெயில கலந்திருக்கான். வீக்கம், மூச்சுமுட்டு எல்லாம் இதால வாரதுதான்."

செவந்திக்கு உடம்பெல்லாம் சூடேறியது. "இது மொதலாளி சோலையப்பன் கடை எண்ணெய் சார். இப்பவே வாங்க, போயிப் புடிங்க அவரை!"

ஆத்மநாதனின் முகம் தொங்கிப்போனது. "புடிக்க முடியாதும்மா. கலப்படத் தடைச் சட்டம் நம்ம சபையில பாஸாயிருச்சு. ஆனா ஆடி ஒண்ணாந்தேதிதான் அமலுக்கு வருது. கையிருப்பை வித்து முடிக்க வியாபாரிகளுக்கு அவகாசம் வேணும்னு சபையில ஒருத்தர் திருத்தம் கொண்டுவந்தாரு. அதுவும் பாஸாச்சு."

"யாரு அந்த ஒருத்தர்?"

"சோலையப்பன்தான்."

செவந்தி மலையாண்டியின் வீங்கிய காலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப ஆடி பொறக்குற வரைக்கும் நாங்க வெசத்தைத் திங்கலாம்னு சட்டமா சார்?"

"ஆடி ஒண்ணாந்தேதி விடியும்போது இங்க இருப்பேம்மா," என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

அன்றிலிருந்து அவள் வீடு வீடாக ஏறினாள். அந்த எண்ணெயைக் கொட்டுங்கள் என்று கெஞ்சினாள். சிலர் கொட்டினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு ராசாத்தி, "காசு போட்டு வாங்குனதை எப்படிக்கா கொட்டுறது?" என்றாள். ஆனி முடிவதற்குள் ராசாத்தி மூச்சடைத்துச் செத்துப்போனாள். அதன் பிறகுதான் ஊர் மெல்லத் திரும்பியது. அடுப்பை உதைத்தவனே வந்து, "தெரியாம செஞ்சுட்டேன் ஆத்தா," என்றான்.

ஆடி முதல் தேதி, சந்தை கூடும் வியாழக்கிழமையாக வாய்த்தது. விடிந்ததும் சந்தைக்கு இரண்டு சீமையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செக்கடிக்குப் பின்னால் செவந்தி கண்ணில் எண்ணெய் ஊற்றாத குறையாகக் காத்திருந்தாள். சட்டம் வந்ததும் சரக்கை ஓடை தாண்டிக் கடத்துவார் என்று அவள் நினைத்தபடியே பின்கதவு திறந்தது. தகர டின்களை ஏற்றி, வைக்கோல் போட்டு மூடிய மூன்று வண்டிகள் வடக்கே திரும்பின. முன் வண்டியில் சோலையப்பனே உட்கார்ந்திருந்தார்.

அவள் வரப்பு வழியே விழுந்தடித்து ஓடினாள். சொல்லிவைத்தபடி ஓடைக்கரை ஆலமரத்தடியில் ஆத்மநாதன் சைக்கிளோடு நின்றார்.

"வருது சார்! மூணு வண்டி!"

"வரட்டும், வரட்டும்!" அவர் அக்கரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். அங்கே காக்கித் தொப்பி போட்ட ஒருவர் எழுந்து நின்றார். "அவன் என் சிநேகிதன் ரத்தினவேல். திருச்சி ஜில்லா இன்ஸ்பெக்டர். அங்கிட்டு இந்தச் சட்டம் வந்து எத்தனையோ வருஷமாச்சு. அங்கிட்டுப் போனா அவன் புடிப்பான், இங்கிட்டு நின்னா நான் புடிப்பேன்!"

வண்டிகள் ஓடை மணலில் இறங்கின. அக்கரையில் காக்கித் தொப்பியைக் கண்டதும் சோலையப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னார். திரும்பினால் ஆத்மநாதன். வண்டிகள் நட்டநடு ஓடையில் நின்றன. சந்தைக்குப் போன கூட்டம் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு இரண்டு கரையிலும் கூடிவிட்டது.

சோலையப்பன் சிரித்தார். "ஏன் தம்பி, ரெண்டு சர்க்காரும் சேர்ந்து நிக்கிறீங்க? இது வெளக்கெரிக்கிற எண்ணெய். சோப்புக்கும் போகும். சாப்பாட்டுச் சாமான் இல்லை. ஒங்க சட்டம் இதைத் தொடாது. அந்தச் சட்டத்தை வரி வரியாப் படிச்சுத் திருத்துனவன் நான்."

ரத்தினவேல் மணலில் இறங்கி வந்தார். இரண்டு இன்ஸ்பெக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்குக்கு என்று சொல்லிக் கொண்டுபோவதை உணவுச் சட்டத்தில் பிடிக்க வழியில்லை. செவந்தி வைக்கோலுக்கடியில் தெரிந்த தகர டின்களைப் பார்த்தாள். ராசாத்தியின் முகம் கண்முன் வந்தது. சட்டென்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? வெளக்கெரிக்கிற எண்ணெயாம்! இதே டின்னுதானே கடையிலயும் இருக்கு? அதை என்னன்னு சொல்லி விக்கிறாரு?"

ஆத்மநாதனுக்குப் பொறி தட்டியது. "கடை! கடைக்கு இன்னும் சேதி போயிருக்காது. ரத்தினவேல், வண்டி நகராமப் பார்த்துக்க!" சைக்கிளைத் திருப்பினார். "ஏம்மா, நீ போய்ச் சமையலுக்குன்னு கேட்டு வாங்கணும். ஓட முடியுமா?"

சோலையப்பனின் ஆள் ஒருவன் அதற்குள் ஊரைப் பார்த்து ஓட்டமெடுத்திருந்தான்.

"ஓடுனா அவன் முந்திருவான்," என்றாள் செவந்தி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

கூட்டம் 'ஓ'வென்று இரைந்தது. அந்தச் சீமையில் ஒரு பொம்பளை அந்நிய ஆணோடு சைக்கிளில் போனதை யாரும் கண்டதில்லை. ஆத்மநாதன் பெடலை மிதித்த மிதியில் சங்கிலி கிறீச்சிட்டது. வண்டித்தடத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆசனக் கம்பியைப் பிடித்திருந்தாள் செவந்தி. குளத்து முனையில் அந்த ஆளைத் தாண்டினார்கள். அவன் கல்லை எடுத்து வீசினான், படவில்லை. "வெரசா சார், வெரசா!" என்று கத்தியபோது அவளுக்கே தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்குச் சற்று முன்னால் அவள் குதித்து இறங்கி, ஒரு காய்க்காரியிடம் செம்பை வாங்கிக்கொண்டு மூச்சை அடக்கிப் படியேறினாள். கல்லாவில் சோலையப்பனின் மைத்துனன் உடையப்பன்.

"என்ன செவந்தி, மறுபடி வடைக்கடை போடப்போறியா?"

"வேற பொழப்பு ஏது? வடை சுட எண்ணெய் குடுங்க."

"ஒனக்குன்னா நல்ல எண்ணெயாவே தாரேன்," என்று அவன் டின்னைச் சாய்த்து ஊற்றினான். செம்பு நிறைந்தது. அவள் காசை வைத்தாள். அந்தக் கணத்தில் ஆத்மநாதன் உள்ளே நுழைந்து செம்பின்மேல் கையை வைத்தார்.

"சமஸ்தானச் சுகாதார இன்ஸ்பெக்டர். சமையலுக்குன்னு கேட்டாங்க, நீங்க வித்தீங்க. நானும் கேட்டேன், வாசல்ல நிக்கிற இத்தனை பேரும் கேட்டாங்க."

வாசலில் சந்தையே நின்றது. அவர் எண்ணெயைப் பங்கு பிரித்து சீசாக்களில் அடைத்து அரக்கு வைத்தார். ஒன்றைச் சட்டப்படி உடையப்பனிடமே கொடுத்தார். மிச்சத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுத் திராவகம் சொட்டி, தலைக்குமேல் வெயிலில் தூக்கிப் பிடித்தார். சிவந்தது. "ஐயோ, ரத்தம் மாதிரி!" என்று ஒரு குரல் எழுந்தது. அதற்குப் பிறகு ஊரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆட்கள் ஓடைக்கு ஓடினார்கள். வண்டி மாடுகளை அவிழ்த்துவிட்டு, சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, தாசில்தாரின் சேவகர்கள் வந்து டின்களுக்கு முத்திரை வைக்கும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சோலையப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

கீரனூர் கோர்ட்டில் வழக்கு வந்தபோது அவருடைய வக்கீல் செவந்தியைக் கூண்டில் மடக்கப் பார்த்தார்.

"நீ அன்னிக்கு இன்ஸ்பெக்டரோட சைக்கிள்ல ஒட்டி உட்கார்ந்து போனவதானே?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவள் வக்கீலின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஆமாங்க. எம் புருஷன்தான் கூண்டுக்குப் பக்கத்துல நிக்கிறாரு, அவர்கிட்டயே கேட்டுக்கங்க."

மலையாண்டி தடியூன்றி வந்திருந்தான். வீக்கம் பாதி வடிந்திருந்தது. "நல்ல காரியத்துக்குத்தான் ஏறுனா," என்றான் சத்தமாக. மாஜிஸ்திரேட் அவனை அதட்டி உட்காரச் சொன்னார்.

தீர்ப்பு அபராதம்தான். ஒரு உயிருக்கு அபராதமா என்று ஊர் கொதித்தது. சோலையப்பன் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் பறிமுதலான எண்ணெயைக் கோர்ட் வாசலுக்கு வெளியே குழி தோண்டிக் கொட்டினார்கள். அவருடைய செக்குகளுக்கு அதன்பின் யாரும் கடலை கொண்டுபோகவில்லை. அடுத்த சபைக் கூட்டத்தில், உயிருக்குக் கேடான கலப்படத்துக்குச் சிறைத் தண்டனை என்று ஒரு திருத்தம் வந்தது. அது ஓட்டுக்கு விடப்பட்ட அன்று, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டு ஊரணிப்பட்டிக்காரர்கள் ஒரு பஸ் நிறையப் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே எல்லோருக்கும் இடமில்லை. செவந்தி மட்டும் கதவோரம் முண்டிக்கொண்டு நின்றாள்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கதவோரத்திலிருந்து அவளால் எண்ண முடியவில்லை. பக்கத்தில் நின்ற சேவகனைத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"செயிச்சுருச்சா? சொல்லுங்கய்யா, செயிச்சுருச்சா?"

"செயிச்சுருச்சு ஆத்தா, தோளை விடு!" என்றான் அவன்.

அவள் படியிறங்கி வெயிலில் ஓடினாள், வெளியே காத்திருந்தவர்களை நோக்கி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு.