கண்ணை வைத்துப் பார்க்கிற கமரா

தலவாக்கலைக் கடையில் மஃறூப் நானா மேசைமேல் மூன்று கமராக்களைப் பரப்பி வைத்தார். மூன்றுக்கும் பின்பக்கம் திரை மட்டும்தான் இருந்தது. கோமளா ஒன்றையும் தொடவில்லை.

"கண்ண வச்சுப் பாக்குற ஓட்ட உள்ளதா ஒன்னு குடுங்க நானா. பழசுன்னாலும் பரவாயில்ல, வெல கொறஞ்சதா இருக்கணும்."

மறுநாள் அவளுடைய அம்மாவின் கருமாதி. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குப் படம் அனுப்ப வேண்டும். அதற்குக் கையிலிருக்கும் போனே போதும் என்பது கோமளாவுக்கும் தெரியும்.

அம்மா செத்த அன்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. சித்தி அவள் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, கண்ணில் ஈரம் இருக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் பார்த்தாள். "கல்லு மாதிரி நிக்கிறாளே பாவி" என்றாள். அன்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலியடியில்கூட எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அவளுக்குள் இன்னும் ஒன்றும் அசையவில்லை.

நானா உள்ளே போய், தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதுல ஓட்ட ஈக்கி. ஆனா அதால பாத்து எடுத்தா சரியா விழாது புள்ள, ஆக்கள்ட தல வெட்டுப்பட்டுரும்."

கோமளா அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். முகத்தில் பாதியைக் கமரா மறைத்தது. மீதியைக் கைகள் மறைத்தன.

"வெட்டுப்பட்டா பரவாயில்ல நானா," என்றாள், கமராவை இறக்காமலே. "இதையே குடுங்க."