சின்ன வீடு

காலையில் குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நாலு வயசு, வாய் ஓயாது. ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள்.

“அப்பா சின்ன வீட்டுக்குப் போயிட்டாரா?”

சீப்பு அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

“எந்த வீடு?”

“சின்ன வீடும்மா. நேத்து அப்பா அங்கதான் சாப்பிட்டாரு. டீச்சர் டீ போட்டுக் கொடுத்தாங்க.”

“எந்த டீச்சர்?”

“எங்க டீச்சர்தான்.”

குழந்தைக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியுமே! கட்டினவளை ஒரு வீட்டில் வைத்துவிட்டு இன்னொருத்தியை இன்னொரு வீட்டில் வைத்திருப்பவனைப் பற்றி ஊர் வேறு எப்படிப் பேசும்?

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாள் முழுக்க ஊரார் வீட்டுச் சமையலறையில்தான் வேலை. நான் சலவைக் கடையில் துணி வாங்கிப் போடுகிறவள். வருகிற ஒவ்வொரு உருப்படியையும் பாக்கெட் துழாவி, கறை பார்த்து, மோந்து பார்த்துத்தான் கூடையில் போடுவேன். ஒரு பேனா தப்பினால் மெஷினில் இருக்கும் அத்தனை துணியும் நாசம். கையும் மூக்கும் அப்படிப் பழகிவிட்டன, வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? அவர் சட்டையில் நாங்கள் வாங்காத சோப்பு மணந்தால் கேட்பேன். “வேலை செஞ்ச எடத்துல கை கழுவினேன்” என்பார். என்றைக்குக் கேட்டாலும் அதே பதில். ஒரு எழுத்து மாறாது. மனப்பாடம் பண்ணிவைத்த மாதிரி அப்படி ஒப்பிக்கிறவரை எப்படி நம்புவது?

போன மாதம்தான் குட்டி படிக்கிற நர்சரி ஸ்கூல் ஃப்ரிட்ஜை ரிப்பேர் பார்க்கப் போனார். டீச்சர் ரொம்ப நல்ல மாதிரி என்று வந்து சொன்னார். அதற்கப்புறம் குட்டியைக் கொண்டுபோய் விட அவரே முந்திக்கொண்டு கிளம்புகிறார். அந்தம்மா வாசலில் நின்று சிரிக்கிறாள். எல்லாம் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அடிப்பாவி, என் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேவா!

கடையில் வேலை ஓடவில்லை. யாரோ ஒருவரின் கோட்டை இரண்டு தடவை மோந்தேன். சாப்பாட்டு நேரத்தில் முதலாளியம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நர்சரிக்கு நடந்தேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. அவள் ஒத்துக்கொண்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். மூலையில் பெரிய பெரிய அட்டைப்பெட்டிகளை ஒட்டிச் செய்த ஒரு வீடு, வாசலுக்குப் பழைய திரைத்துணி. டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலிக் கெட்டிலிலிருந்து காலிக் கப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பொடிசு. பெண் பிள்ளைதான், ஆனால் மையால் மீசை வரைந்து, முழங்காலைத் தாண்டும் ஒரு சட்டையை மாட்டியிருந்தாள்.

“அப்பா, டீ ஆறிடப் போகுது,” என்றாள் டீச்சர்.

இதுதானா சின்ன வீடு! இதுதானா அப்பா! சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று கொஞ்சம் இளகிக்கூடப் போனேன்.

அப்போது குட்டி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். டீக் கப்பைத் தள்ளிவைத்தாள். மீசைக்காரியின் காலரைப் பிடித்து இழுத்து மோந்தாள். பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவினாள்.

“இது யாரு வீட்டு சோப்பு?”

மீசைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். நான் வீட்டில் கேட்கிற அதே கேள்வி.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் முதலில் அந்தப் பேரைப் பற்றித்தான் சொன்னாள், அவளுக்கும் கூச்சம். “சின்ன வீடுன்னு பேரு வச்சது பசங்கதாங்க. வேற பேரு சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்கறாங்க.”

“குட்டி என்ன பண்றா?”

“முதல்ல உங்க கடையைத்தான் வெளையாடறான்னு நெனச்சேன். கூடை, சட்டையெல்லாம் கொண்டுவந்து வச்சேன். அவ கடை வைக்கல, வீடுதான் வைக்கறா. அவ அம்மான்னா யாரும் அப்பாவா வர மாட்டேங்கறாங்க. இந்த ஒருத்திதான் பாக்கி.”

“நிறுத்திட வேண்டியதுதானே?” என்று எரிந்து விழுந்தேன். எங்கள் வீட்டுச் சங்கதி இவளுக்கு எவ்வளவு தெரியும் என்ற ஆத்திரம்.

“இங்க நிறுத்திடலாம். அவ மனசுல ஓடறத எப்படி நிறுத்தறது? அதான் நானும் உள்ள போய் டீ போடறேன். என்னைக்காவது அவளும் உக்காந்து குடிப்பாளான்னு பாக்கறேன். நீங்களும் ஒரு தடவை வாங்களேன்.”

இவள் எதற்கு என்னை இழுக்கிறாள்? என் வாயைப் பிடுங்கவா? ஆனாலும் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

என்னைக் கண்டதும் குட்டிக்கு முகமெல்லாம் பல். ஆனால் விளையாட்டை விடவில்லை. “இப்ப நீதான் அப்பா,” என்றாள். விட்டால் போதும் என்று மீசைக்காரி சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டாள். தோளில் போர்த்திக்கொண்டேன். குட்டி காலரைப் பற்றினாள்.

“எங்க போனீங்க?”

“வேலைக்கு.”

“இது யாரு வீட்டு சோப்பு?”

“வேலை செஞ்ச எடத்துல கை கழுவினேன்.” உண்மையும் அதுதான். சலவைக் கடைச் சோப்பு இன்னும் என் கையில் மணந்துகொண்டிருந்தது.

“தெனம் இதையே சொல்லுங்க.” என் குரல், என் இழுப்பு. “யாரு அவ?”

“யாரும் இல்லடா கண்ணு.”

“கொஞ்சாதீங்க. யாரு அவ?”

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வேறு என்ன சொல்லி இவளை நம்பவைப்பது? அந்த ஒரே பதிலைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

மீசைக்காரி தவழ்ந்து வந்து என் காதில் கிசுகிசுத்தாள்.

“ஆமான்னு சொல்லிடுங்க ஆன்ட்டி. நான் டெய்லி அப்படித்தான் சொல்லுவேன்.”

“சொன்னா?”

“அழுவா. அப்புறம் வெளையாட்டு முடிஞ்சிடும்.”

“அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு?” என்றாள் குட்டி.

அவளுக்குக் கோபம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். காலரை விடாமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை பயந்துபோயிருந்தாள்.