டெல்மாவின் பிரெஞ்சுக் குரல்

புனிதவதி பாரிசுக்கு வந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், சனிக்கிழமைதோறும் ஓர் அமெரிக்கத் தொடர் பிரெஞ்சுக் குரல்களோடு ஓடும். எண்ணெய்க் கிணறும் குதிரைகளுமாக ஒரு பணக்காரக் குடும்பம். மூத்த மருமகள் டெல்மா வாய் திறந்தால் வீடே நடுங்கும். புனிதவதி பாதிப் பிரெஞ்சை அவளிடம்தான் படித்தாள்.

2013இல், லா சப்பலில் தனியாக வாழ்ந்த எண்பது வயது ஜிஸ்லேனைப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் வாரமே, குழாய் திருத்துபவனை ஜிஸ்லேன் தொலைபேசியில் ஏசியபோது, புனிதவதி கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அது டெல்மாவின் குரல்.

"பிரெஞ்சில் டெல்மாவுக்குப் பதினொரு வருடம் நான்தான் பேசினேன். முகம் ரோசலிண்டினுடையது. என்னை யாருக்குத் தெரியும்?" என்றார் ஜிஸ்லேன்.

ரோசலிண்ட் என்ற அந்த நடிகை ஒருமுறை பாரிஸ் வந்திருந்தாள். தன் பிரெஞ்சுக் குரலைப் பார்க்க வேண்டுமென்று பூங்கொத்தும் ஓட்டல் முகவரியும் அனுப்பினாள். ஜிஸ்லேன் போகவில்லை. பொறாமைதான், வேறொன்றுமில்லை என்று அவரே சொன்னார்.

அந்த ஒக்டோபரில், ரோசலிண்ட் நோயில் கிடப்பதாக ஒரு சஞ்சிகையில் வந்தது. ஜிஸ்லேன் நான்கு நாள் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

"இன்றைக்கே தபாலில் போட்டுவிடுங்கள்."

புனிதவதி அதைக் கைப்பையில் வைத்தாள். அன்று ரயில் வேலைநிறுத்தம். நசுங்கிப் பிதுங்கி, எபினே புறநகரிலுள்ள தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் மகள் தயாளினியின் நிச்சயதார்த்தம். அதற்காகப் பையை மாற்றினாள். பழைய பையை மறுபடி திறந்தபோது பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. ஓடிப்போய்க் கடிதத்தைப் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, மனுசி கேட்டா என்னெண்டு சொல்லுறது?" என்று கணவன் வரதராசாவிடம் கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லும். பன்னிரண்டு நாள்தானே."

"ஓம், நாளைக்குச் சொல்லுறன்."

சொல்லவில்லை. நான்காம் நாள் வானொலியில் ரோசலிண்டின் மரணச் செய்தி வந்தது. ஜிஸ்லேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை, கடிதம் போய்ச் சேர்ந்து ஒரு வாரமாவது இருக்கும். வாசித்திருப்பாள், இல்லையா?"

புனிதவதி தலையாட்டினாள்.

தை மாதம் அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. தபால்பெட்டிச் சாவி அவளிடம்தான் இருந்தது. கிழித்தெறிந்தால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு வெட்கமாயிருந்தது. மூன்று மாடியும் ஏறிப்போய் ஜிஸ்லேனின் கையில் கொடுத்தாள்.

"பன்னிரண்டு நாள் என் பையில் கிடந்தது, மதாம். மறந்துவிட்டேன். பிறகு சொல்லப் பயந்தேன்."

ஜிஸ்லேன் முத்திரையிலிருந்த தேதியை வெகுநேரம் பார்த்தார். ஏசுவார் என்று புனிதவதி காத்திருந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அந்த ஓட்டல் இங்கிருந்து நாலு மெத்ரோ நிலையம்தான்," என்றார் ஜிஸ்லேன். "அன்றைக்கு நான் எழும்பிப் போகவில்லை. உங்களை ஏச எனக்கு என்ன வாய் இருக்கிறது?"

புனிதவதி அழுதாள். ஜிஸ்லேன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை, அவளை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜிஸ்லேனிடம் இனி வேறொருத்தி போவாள். முறைப்பாடு ஏதுமில்லையாம், நல்ல வேலைக்காரி என்றே சொன்னாராம்.

புனிதவதி காரணம் கேட்கவில்லை. ஸ்தேன் என்ற ஊரில் வேலைக்கு இன்னொரு வீடு கொடுத்தார்கள். அங்கே முதல் நாளே, கதவைத் திறந்த கிழவரிடம், தபாலில் போட எதுவும் தன்னிடம் தர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.